மகள் பிஎச்.டி. சேரலாமா? அரசாங்கப் பணத்தை நம்பி இறங்கலாமா?

கேள்வி: புதூர் லேத்

எல்லாருக்கும் வணக்கம். மதுரை கே.புதூர் சிட்கோவுல 24 வருஷமா லேத் பட்டறை வச்சிருக்கேன். மகள் எம்.எஸ்சி. இயற்பியல் முடிச்சு, நெட் தேர்வு எழுதி, ஜே.ஆர்.எஃப்.ங்கிற ஆராய்ச்சி உதவித்தொகையும் வாங்கிட்டா. பிஎச்.டி.க்கு இடமும் கிடைச்சிருச்சு. சேர இன்னும் பதினெட்டு நாள்தான் இருக்கு. வீட்டுல தினம் ராத்திரி இதே பேச்சுதான்.

சேரப்போற இடத்தைப் போய்ப் பார்த்துட்டு வந்தோம். லேப் நல்லா இருக்கு, சாரும் நல்ல மனுஷன். ஆனா அங்க இருக்க சீனியர் பிள்ளைகளுக்கு ஏழு மாசமா உதவித்தொகை வரலையாம். ஒரு பையன் மெஸ் பாக்கி கட்ட பைக்கை வித்திருக்கான். அதை அவன் சிரிச்சுக்கிட்டே சொன்னான், எனக்குத்தான் மனசு கேக்கலை. சென்னையில சாஃப்ட்வேர் கம்பெனியில இருக்க என் மச்சான், "பிள்ளையை அஞ்சு வருஷம் அரசாங்கத்துக்கு அடமானம் வைக்காதீங்க மாமா, எங்க கம்பெனியில டேட்டா வேலைக்கு நானே சொல்றேன்"ங்கிறாப்ல.

அதுக்கு மேல எனக்கே ஒரு சந்தேகம் இருக்கு. மனசுல உள்ளதைக் கேக்குறேன், தப்பா எடுத்துக்காதீங்க. என் மாமியாருக்குப் போன மாசம் கண்புரை ஆபரேஷன் நடந்துச்சு. உள்ள வச்ச லென்ஸ் நம்ம மதுரையிலேயே ஆரோலேப்ல செஞ்சதுன்னு சொன்னாங்க. 1992-ல இருந்து செய்யுறாங்களாம். அது டிரஸ்ட்டு, அரசாங்கம் இல்ல. பிளாஸ்டிக் குப்பையைத் தாரோட கலந்து ரோடு போடலாம்னு கண்டுபிடிச்ச வாசுதேவன் சார், திருப்பரங்குன்றம் ரோட்டுல தியாகராசர் இன்ஜினியரிங் காலேஜுல கெமிஸ்ட்ரி வாத்தியார். 2018-ல பத்மஸ்ரீ குடுத்தாங்க. இதெல்லாம் கண்ணுக்குத் தெரியுது. கோடி கோடியா அரசாங்கம் போடுற பெரிய பெரிய லேப்ல இருந்து எனக்கு என்ன வந்துச்சுன்னு யோசிச்சா சட்டுன்னு பதில் வரமாட்டேங்குது. மாசாமாசம் ஜி.எஸ்.டி. கட்டுறவன்ங்கிற உரிமையில கேக்குறேன். என் மகளோட அஞ்சு வருஷத்தை அதுல போடலாமா?

பதில் 1: விடுதி அறை 14

ஐயா, நான் மதுரைப் பக்கம் ஒரு ஆய்வகத்தில் நான்காம் ஆண்டு ஆய்வு மாணவி. நடைமுறையை மட்டும் சொல்கிறேன்.

2023 ஜனவரி 1 முதல் ஜே.ஆர்.எஃப். தொகை மாதம் 37,000 ரூபாய். இரண்டு ஆண்டு முடிந்து அடுத்த நிலையான எஸ்.ஆர்.எஃப். ஆனதும் 42,000. விடுதி கிடைக்காவிட்டால் வீட்டு வாடகைப் படி தனி. கையில் வந்தால் மதுரையில் தாராளமாக வாழலாம். சிக்கல் வருகிற நாளில்தான். உங்கள் மகள் வேலை பார்த்தாள் என்று நிறுவனம் மாதாமாதம் இணையத்தில் உறுதிசெய்ய வேண்டும். அலுவலகத்தில் ஒருவர் விடுப்பில் போனால் அந்த மாதம் போச்சு. சேர்ந்த முதல் தொகை வரத்தான் அதிக நாளாகும். எனக்கு ஐந்து மாதம் ஆனது. பிறகு மொத்தமாக வந்தது, ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை.

அதனால் ஆறு மாதச் செலவைத் தனியாக எடுத்து வைத்துவிட்டுச் சேரச் சொல்லுங்கள். சேரும் நாளிலேயே எந்தப் பிரிவு, யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள் உறுதிசெய்கிறார்கள் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளட்டும். வீட்டில் பணம் இல்லாத பிள்ளைகள்தான் இதில் முதலில் உடைந்து போகிறார்கள். என்னோடு சேர்ந்தவர்களில் இரண்டு பேர் இப்படித்தான் படிப்பைப் பாதியில் விட்டுப் போனார்கள். இரண்டு பேருமே என்னைவிடக் கெட்டிக்காரர்கள்.

பதில் 2: சமணமலை அடிவாரம்

தம்பி, எனக்கு 63 வயசு. ஒரு ஆய்வகத்துல தொழில்நுட்ப உதவியாளரா 31 வருஷம் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவன். ஆய்வகம் வெளியூர், பேர் வேண்டாம். சொந்த ஊர் கீழக்குயில்குடி. நீங்க கேட்ட ரெண்டாவது கேள்விக்குத்தான் எழுதுறேன். முதல் கேள்விக்கு அந்தப் பிள்ளை சொன்னதே சரி.

எங்க ஊர் மலை உங்களுக்குத் தெரியும். கீழ தாமரைக் குளம், ஆலமரம், ஐயனார் கோயில், மேல சமணர் சிற்பம். அந்த மலைக் குகையில வௌவால் அடையும். நான் சின்னப் பையனா இருந்தப்ப சாயங்காலம் மாடு பத்திட்டு வர்ற நேரம், காமராசர் பல்கலைக்கழகத்துக்காரங்க டார்ச்சும் கூண்டுமா ஏறிப் போவாங்க. "வௌவாலைப் பிடிச்சு என்னடா பண்ணப் போறாங்க"ன்னு பெருசுக எல்லாம் பேசிக்குவாங்க. எனக்கும் அப்ப விளங்கலை. லேப் வேலைக்குப் போன பிறகுதான் தெரிஞ்சது, அது பேராசிரியர் எம்.கே. சந்திரசேகரனோட குழுன்னு. உலகத்துல உடம்புக் கடிகாரத்தைப் பத்திப் படிக்கிறவங்க எல்லாருக்கும் தெரிஞ்ச பேரு.

அவங்க கேட்ட கேள்வி இதுதான். வெளிச்சமே புகாத குகைக்குள்ள கிடக்கிற வௌவாலுக்குப் பொழுது சாஞ்சது எப்படித் தெரியுது? கூண்டுல அடைச்சு குகைக்குள்ள வச்சாங்க. மத்த வௌவால் எல்லாம் சாயங்காலம் கிளம்புறதையும் விடியுமுன்ன திரும்புறதையும் வச்சே, கூண்டுல இருக்கதும் தன் நேரத்தைச் சரிபண்ணிக்கிருச்சு. கூட்டமில்லாத இருட்டுல தனியா விட்டா அதோட நேரம் கொஞ்சங்கொஞ்சமா நழுவிருச்சு. 1981-ல இதைக் கட்டுரையா வெளியிட்டாங்க. மனுஷங்களையும் கடிகாரம் இல்லாத அறையில நாள்கணக்கா தங்கவச்சு, எப்பத் தூங்குறாங்க, எப்ப முழிக்கிறாங்கன்னு கணக்கெடுத்தாங்க. இதை எந்தக் கம்பெனி செலவு பண்ணிச் செய்யும், சொல்லுங்க. விக்க ஒரு பொருளும் இல்ல. ஆனா உங்க பட்டறையில நைட் ஷிஃப்ட் பார்க்கிற ஆளுக்கு ஏன் மூணு மணிக்குக் கை தடுமாறுதுன்னு இன்னைக்கு டாக்டர் சொல்றாருன்னா, இப்படி உலகம் பூரா அரசாங்கச் சம்பளத்துல வௌவாலையும் ஈயையும் பார்த்துக்கிட்டிருந்த ஆட்களாலதான். 2017-ல மருத்துவ நோபல் பரிசே பழத்தை மொய்க்கிற ஈயோட உடம்புக் கடிகாரத்துக்குத்தான் குடுத்தாங்க.

உங்க மாமியார் கண்ணு லென்ஸுக்கு வர்றேன். உலகப்போர்ல விமானிகள் கண்ணுல காக்பிட் மூடியோட அக்ரிலிக் துண்டு தெறிச்சுக் கிடந்துச்சு. அதால கண்ணு பெருசா புண்ணாகலைன்னு லண்டன்ல ஹெரால்டு ரிட்லின்னு ஒரு கண் டாக்டர் கவனிச்சார். 1949-ல அதே வகை பிளாஸ்டிக்ல லென்ஸ் செஞ்சு ஒரு நோயாளி கண்ணுக்குள்ள வச்சார். அரசாங்கம் நடத்துற ஆஸ்பத்திரியில நடந்தது. சக டாக்டர்களே வருஷக்கணக்கா அவரை எதிர்த்தாங்க. அங்க இருந்து ஆரோலேப் வர்றதுக்கு 43 வருஷம். நம்ம ஊர்க்காரங்க பண்ணுனது பெரிய வேலை, நான் கையெடுத்துக் கும்பிடுவேன். வெளிநாட்டு விலையில ஒரு சின்னப் பங்குக்கு லென்ஸைக் கொண்டுவந்து ஏழை கண்ணுலயும் வச்சாங்க. ஆனா தொடர் ஓட்டத்துல மாதிரி, அவங்க வாங்கி ஓடுன கட்டையை அவங்களுக்கு முன்னால கொண்டுவந்த ஆளுக நிறைய. முன்னால ஓடுனவன் ஓடுறப்ப, இது எங்க போய் முடியும்னு அவனுக்கே தெரியாது. அந்தத் தூரத்துக்குத்தான் ஊர்ப்பணம் வேணும்.

வாசுதேவன் சார் கதையும் அப்படித்தான். தியாகராசர் காலேஜ் அரசு உதவி பெறுற காலேஜ். அங்க லேப்ல பிளாஸ்டிக்கை உருக்கிச் சரளைக்கல்லு மேல படிய வச்சுப் பார்த்தது இந்த நூற்றாண்டு ஆரம்பத்துல. காப்புரிமை வந்தது 2006-ல. அத்தனை வருஷம் ஒரு வாத்தியார் பாடமும் எடுத்துக்கிட்டு லேபையும் விடாம இருந்தாரே, அதுக்கு ஒரு நிலையான இடம் வேணும்ல.

இப்ப நான் கண்ணால பார்த்ததைச் சொல்றேன். உங்களுக்கு இது புரியும், நீங்க மெஷின்காரர்.

எங்க லேப்ல மைனஸ் 80 டிகிரி ஃபிரீசர் ஒண்ணு. மலை மண்ணுல இருந்து பிரிச்செடுத்த நுண்ணுயிர் 1,100 குப்பி, நாலு வருஷச் சேகரிப்பு. மூணு பிள்ளைக சேர்ந்து மலைமலையா ஏறிக் கொண்டாந்தது. மார்ச்சோட திட்டம் முடிஞ்சது. நீட்டிப்பு ஆர்டர் வந்திருச்சு, பணம் வரலை. அதனால ஃபிரீசருக்கு ஏ.எம்.சி.ங்கிற வருஷப் பராமரிப்பு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கலை, 40,000 ரூபாய்க்குள்ளதான். மே மாசம் கத்திரி வெயில். சனிக்கிழமை ராத்திரி கம்ப்ரசர் நின்னுருச்சு. அலாரத்துக்கு உள்ள பேட்டரியும் அந்த ஏ.எம்.சி.யிலதான் மாத்தணும், அது செத்துப்போய் கிடந்துச்சு. திங்கக்கிழமை காலையில நான்தான் கதவைத் திறந்தேன். எப்பவும் திறந்தா வெள்ளைப் புகை முகத்துல அடிக்கும். அன்னைக்கு ஒண்ணும் வரலை. உள்பனி எல்லாம் உருகித் தட்டுல தண்ணியா நிக்குது. ஊத்தப்பம் மாவு புளிச்ச மாதிரி ஒரு வாடை. குப்பி மேல பேனாவுல எழுதியிருந்த ஊர்ப் பேரெல்லாம் நீலமா ஓடிப்போச்சு. அதுல ஒரு பிள்ளை, குப்பியை ஒண்ணொண்ணா எடுத்துத் துடைச்சுத் துடைச்சு எழுத்து தெரியுதான்னு பார்த்துச்சு. சாயங்காலம் வரைக்கும் அதையே செஞ்சுச்சு. நான் வேண்டாம்னு சொல்லலை.

நவம்பர்ல பணம் வந்துச்சு, முழுசா வந்துச்சு. கணக்குல பார்த்தா அரசாங்கம் குறையே வைக்கலை. புது கம்ப்ரசர் போட்டோம். உள்ள வைக்கத்தான் ஒண்ணும் இல்ல.

பாலம் கட்டுறாங்க, பணம் வரலைன்னு எட்டு மாசம் நின்னா தூணு அப்படியே நிக்கும். திரும்ப ஆரம்பிக்கலாம். ஆராய்ச்சி அப்படி நிக்காது தம்பி. செத்துப்போகும். கொடைக்கானல் சூரிய ஆய்வுக்கூடத்தைப் பாருங்க, அப்ப அது நம்ம மதுரை ஜில்லா. பஞ்சத்துக்குப் பஞ்சம் சனங்க செத்துக்கிட்டிருந்த காலம் அது. மழை ஏன் பொய்க்குது, சூரியனுக்கும் அதுக்கும் சம்பந்தம் உண்டான்னு கேள்வி வந்துதான் 1899-ல அதைத் தொடங்குனாங்க. 1909-ல எவர்ஷெட்ங்கிற விஞ்ஞானி சூரியனோட கரும்புள்ளிகள்ல வாயு வெளிப்பக்கமா ஓடுறதை அங்கதான் கண்டுபிடிச்சார், அவர் பேராலேயே இன்னைக்கும் சொல்றாங்க. ஆனா அதைவிடப் பெரிய சொத்து என்னன்னா, நூறு வருஷத்துக்கு மேல மேகம் மறைக்காத நாளெல்லாம் எடுத்து வச்ச சூரியப் படங்கள். நடுவுல மூணு வருஷம் பட்ஜெட் இல்லைன்னு நிறுத்தியிருந்தா, அந்த மூணு வருஷத்துச் சூரியனை இன்னைக்கு எத்தனை கோடி குடுத்தாலும் வாங்க முடியுமா?

எவ்வளவுன்னு கேக்குறீங்களா? நாடு பூரா அரசாங்கமும் தனியாரும் சேர்த்து ஆராய்ச்சிக்குப் போடுறது நம்ம மொத்த உற்பத்தியில 0.64 சதவீதம், 2020-21 கணக்கு. சீனா ரெண்டரை ஒட்டிப் போடுது, தென் கொரியா அஞ்சை நெருங்குது. 2023-ல ஆராய்ச்சிக்குப் பணம் குடுக்க அனுசந்தான் அறக்கட்டளைன்னு புதுசா ஒண்ணுக்குச் சட்டம் போட்டாங்க. அஞ்சு வருஷத்துக்கு 50,000 கோடின்னாங்க. அதுல 36,000 கோடி அரசாங்கத்துக்கு வெளியில இருந்து வரணும்னு எதிர்பார்ப்பு. 2025-ல ஒரு லட்சம் கோடிக்கு இன்னொரு திட்டம், அது கம்பெனிகளுக்கு நீண்ட நாள் கடனா, குறைஞ்ச வட்டியில. வரட்டும், நல்லதுதான். பேட்டரி, சிப்பு எல்லாம் அதுல வளரும். ஆனா திருப்பிக் கட்டணும்னு கடன் வாங்கினவன் வௌவால் குகைக்கு ஏற மாட்டான். அந்த இடத்துல பெத்தவன் மாதிரி அரசாங்கம்தான் நிக்கணும். நின்னா போதாது, மாசம் பொறந்ததும் குடுக்கணும். எனக்கு ஆத்திரம் எல்லாம் தொகை மேல இல்ல, தேதி மேலதான்.

பதில் 3: போடி மேற்கு

பெரியவர் சொன்னதை மதிக்கிறேன். ஆனா ஊர்ப்பணம்னு சொல்றப்ப ஊரைக் கேக்கணும்லண்ணே?

நான் பொட்டிப்புரத்துக்குப் பக்கத்து ஊரு. அங்க நியூட்ரினோங்கிற நுண்துகளை ஆராயுறதுக்கான ஆய்வகத்துக்கு 2015 ஜனவரியில மத்திய அமைச்சரவை சுமார் 1,500 கோடிக்கு ஒப்புதல் குடுத்துச்சு. அம்பரப்பர் மலையைக் குடைஞ்சு ரெண்டு கிலோமீட்டர் சுரங்கம், உள்ள 50,000 டன் இரும்புக் கருவி. இதெல்லாம் எங்களுக்குப் பேப்பரைப் பார்த்துத்தான் தெரிஞ்சது. வெடி வச்சா கிணத்துத் தண்ணி என்னாகும், முல்லைப் பெரியாறு அணைக்கு என்னாகும்னு கேட்டோம். ஒரு ஆளு வந்தார், படம் போட்டுக் காட்டினார். பாதி இங்கிலீஷு. எங்கம்மா "மாடு மேய்க்கப் பாதை விடுவாங்களா"ன்னு கேட்டுச்சு, அதுக்குப் பதில் வரலை. அப்புறம் என்னென்னமோ புரளி வந்துச்சு. அணுக்கழிவு கொட்டப் போறாங்கன்னாங்க. அது பொய்னு இப்ப எனக்குத் தெரியும், அன்னைக்கு யாரை நம்புறதுன்னு தெரியலை. கடைசியில மாநில அரசு முடியாதுன்னு சுப்ரீம் கோர்ட்டுலயே சொல்லிருச்சு.

நான் ஆராய்ச்சிக்கு எதிரி இல்ல. என் தம்பி மகன் பிளஸ் டூவுல இயற்பியல்தான் முதல் மார்க். ஆனா எங்க மலை, எங்க வரி, எங்ககிட்ட பேசுற நேரம் மட்டும் யாருக்கும் இல்லைன்னா எப்படி?

பதில் 4: சமணமலை அடிவாரம்

போடித் தம்பி சொல்றது சத்தியம். இதுக்கு என்கிட்ட எதிர்வாதம் இல்ல.

ஒண்ணு மட்டும் சொல்லணும். கோலார் தங்கச் சுரங்கத்துக்குள்ள 1965-லேயே நம்ம ஆட்கள் காத்துமண்டலத்து நியூட்ரினோவைப் பிடிச்சாங்க, உலகத்துல முதல் தடவைன்னு சொல்ற கூட்டத்துல நம்மளும் இருந்தோம். அந்த வரிசை இப்ப அறுந்து கிடக்கு. மதுரையில உங்க மலைக்குள்ள வர இருந்த அதே இரும்புக் கருவியோட சின்ன உருவம், 85 டன்னுல செஞ்சு ஓட்டிப் பார்த்தாங்க. அதுல கிட்டத்தட்ட அறுநூத்துல ஒரு பங்குதான். அதைச் செய்யப் பழகின பிள்ளைக எல்லாம் இப்ப எந்தெந்த நாட்டுல இருக்குதோ. உங்க அம்மா கேட்ட மாட்டுப் பாதைக்கு அன்னைக்கே ஒரு ஆளு தமிழ்ல, திண்ணையில உக்காந்து பதில் சொல்லியிருந்தா கதை மாறியிருக்குமோன்னு எனக்கு அடிக்கடி தோணும். திட்டச் செலவுல அதுக்குன்னு ஒரு பங்கு ஒதுக்கணும். கீழக்குயில்குடியில எங்க பெருசுகளுக்கும் வௌவாலைப் பத்தி யாரும் சொல்லலை. சொல்லியிருந்தா சந்தோஷப்பட்டிருப்பாங்க, அது எங்க மலை வௌவால்ல.

பதில் 5: செட்டிநாட்டு வாத்தியார்

காரைக்குடியிலிருந்து ஒரு தகவல். மின்வேதியியல் ஆய்வகம் (சிக்ரி) இங்கே வந்தது, வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால். 1948-ல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953-ல் திறந்தார்கள். தனியார் பணமா, அரசுப் பணமா என்று நாம் அடித்துக்கொள்கிறோம். செட்டியார் நிலத்தைத் தந்தார். அன்றிலிருந்து இன்றுவரை சம்பளமும் மின்கட்டணமும் கட்டுவது அரசு. கொடை ஒரு நாள் வேலை, நடத்துவது தினசரி வேலை. இன்றைக்கு பேட்டரி, பேட்டரி என்று எல்லோரும் பேசுகிறார்களே, அதற்கு ஆள் பயிற்றும் இடங்களில் அதுவும் ஒன்று. புதூர் நண்பரே, மகளை அனுப்புங்கள். மச்சானிடம் கோபம் வேண்டாம், அவரும் அக்கறையில்தான் சொல்கிறார்.

புதூர் லேத்

எல்லாருக்கும் நன்றி. ரெண்டு நாளா வேலைக்கு நடுவுல திரும்பத் திரும்பப் படிச்சேன். அடிவாரத்துப் பெரியவர் எழுதினதை மகளுக்கும் வாசிச்சுக் காட்டினேன். குப்பியைத் துடைச்ச பிள்ளையைப் பத்தின இடம் வந்ததும் மகள் எழுந்து உள்ள போயிட்டா.

சேர்றதுன்னு முடிவாயிருச்சு. மச்சான்கிட்ட போன்ல சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "சரி மாமா, ஆறு மாசச் செலவுல பாதி நான் போடுறேன்"னாப்ல. விடுதி அறை 14 அம்மா சொன்ன மாதிரி அலுவலகத்துல கேக்க வேண்டியதை மகள் ஒரு தாள்ல எழுதி வச்சிருக்கா.

இன்னொண்ணு. நேத்து அந்த லேப்ல இருந்து சீனியர் பையன், பைக்கை வித்தவன், மகளுக்கு ஒரு படம் அனுப்பியிருக்கான். வேக்குவம் சேம்பர்ல ஒரு ஃபிளாஞ்சு கசியுதாம், வெளியில ஆர்டர் போட கையில பணம் இல்ல. படத்தைப் பெருசாக்கிப் பார்த்தேன். ஓ-ரிங் உக்கார்ற பள்ளத்துல குறுக்க ஒரு கீறல், தலைமுடி மொத்தம்கூட இருக்காது. அது வழியாத்தான் காத்து ஏறும். எஸ்.எஸ். 304, ஆறங்குலம். பள்ளத்தோட ஆழமும் அகலமும் வெர்னியர்ல மூணு இடத்துல எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கேன். அளவு வந்துச்சுன்னா ஞாயித்துக்கிழமை பட்டறை லீவு, உக்காந்து ஓட்டிருவேன்.